ஒரே புராஜெக்டில் பல கம்பைலர் அமைப்புகள்: கலப்பு நிரலுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கலப்பு நிரல் கொண்ட புராஜெக்ட் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: அடித்தளத்தில் பல வருஷம் பழைய சி லைப்ரரி, அதன் மேல் சி++17-ல் எழுதிய புதிய பகுதி, கணக்குப் போடும் இடத்தில் கொஞ்சம் ஃபோர்ட்ரான், நடுவே யாரோ எழுதி நாம் எடுத்துச் சேர்த்துக்கொண்ட நாலைந்து கோப்புகள். இத்தனைக்கும் ஒரே ஃபிளாக் பட்டியலை (கம்பைலருக்குக் கட்டளையோடு சேர்த்துக் கொடுக்கும் விருப்பங்களை)க் கொடுத்தால் ஒன்றுக்குப் பொருந்துவது இன்னொன்றுக்குப் பொருந்தாது. எச்சரிக்கைகளை முழுக்கத் திறந்தால் பழைய சி நிரல் திரையை நிரப்பிவிடும். அந்தத் தொல்லை தாங்காமல் மொத்தமாக மூடினால், புது நிரலில் இருக்கும் உண்மையான பிழையும் சேர்ந்து மறைந்துபோகும்.

பகுதிக்கு ஒரு அமைப்பு கொடுக்க எல்லா பில்ட் கருவிகளிலும் வழி இருக்கிறது, அதுவும் இரண்டு மூன்று வரிகளில். எதைப் பகுதிக்குப் பகுதி மாற்றலாம், எதைத் தொடவே கூடாது என்று பிரிப்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். சில ஃபிளாக்குகளின் வேலை அந்தக் கோப்போடு முடிந்துவிடும். சில, கோப்பைத் தாண்டிப் பக்கத்து நிரலையும் தொடும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் கருவியின் கையேட்டைப் பார்த்துச் செய்யக்கூடிய வேலை.

ஒரு குறிப்பு: ஃபிளாக்குகளின் பெயர்களை நாம் பேசும்போது சொல்வதுபோலவே எழுதுகிறேன். முன்னால் வரும் சிறு கோடுகளையும் நடுவில் வரும் அடிக்கோடுகளையும் விட்டிருக்கிறேன்.

படி 1: இப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள்

பில்ட் கோப்பில் எழுதியிருப்பதும் கம்பைலருக்குப் போய்ச் சேர்வதும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். சிமேக் என்ற பில்ட் கருவியில் "சிமேக் எக்ஸ்போர்ட் கம்பைல் கமாண்ட்ஸ்" என்ற மாறியை ஆன் செய்தால், ஒவ்வொரு கோப்புக்கும் போன முழுக் கட்டளையும் ஒரு ஜேசான் கோப்பாகக் கிடைக்கும். மேக்ஃபைல், நிஞ்சா இரண்டுக்கும் இது வேலை செய்யும். வெறும் மேக் என்றால் "என்" ஃபிளாகைக் கொடுத்தால் ஓட்டாமலே கட்டளைகளைக் காட்டும். எல்லாம் ஏற்கெனவே கட்டி முடிந்திருந்தால் அதில் ஒன்றும் வராது, அதனால் பெரிய "பி"-யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விஷுவல் ஸ்டூடியோவில் பில்ட் வெளியீட்டின் விவர அளவை உயர்த்தினால் போதும். எக்ஸ்கோடில் பில்ட் லாகிலேயே முழுக் கட்டளையும் இருக்கிறது.

அந்தப் பட்டியலைப் பொறுமையாக வாசியுங்கள். ஓ2 வந்து, நாலு ஃபிளாக் தள்ளி ஓ0-வும் வந்திருக்கும். ஜிசிசி, கிளாங் ஆகிய கம்பைலர்களில் கடைசியாக வந்ததே செல்லும், ஆக அந்தக் கோப்பு மெதுவாக ஓடுவதற்கான காரணம் அங்கேயே கிடைத்துவிடும். சிஃபிளாக்ஸ் என்ற சூழல் மாறியில் என்றோ யாரோ வைத்த மதிப்பும் தலைகாட்டலாம். சிமேக் அதை முதல் முறை கான்ஃபிகர் செய்யும்போது மட்டும் படித்துத் தன் கேஷில் வைத்துக்கொள்ளும். பிறகு சூழல் மாறியை அழித்தாலும் அது போகாது.

கட்டாயம் பார்க்க வேண்டிய இன்னொன்று, மொழித் தரம் எழுதப்பட்டிருக்கிறதா என்பது. எழுதாவிட்டால் கம்பைலர் தன் இயல்புநிலையை எடுத்துக்கொள்ளும், அது பதிப்புக்குப் பதிப்பு நகர்ந்துகொண்டே இருக்கிறது. சி++-க்கு ஜிசிசி 6 முதல் சி++14, ஜிசிசி 11 முதல் சி++17. சி-க்கு 2025-ல் வந்த ஜிசிசி 15-ல் இருந்து சி23. இந்தக் கடைசி மாற்றம் பழைய நிரலை நிஜமாகவே உடைக்கிறது. சி23-ல் பூல், ட்ரூ, ஃபால்ஸ் மூன்றும் மொழியின் சொந்தச் சொற்கள், ஆகவே தானே பூல் என்று டைப்டெஃப் செய்துகொண்ட ஹெடர் கம்பைல் ஆகாது. ஃபங்ஷன் அறிவிப்பில் காலி அடைப்புக்குறி முன்பு "எத்தனை வேண்டுமானாலும்" என்று இருந்தது, இப்போது "ஒன்றுமே இல்லை" என்று ஆகிவிட்டது. ஜிசிசி 10-ல் ஒரே குளோபல் மாறியை இரண்டு கோப்பில் எக்ஸ்டர்ன் இல்லாமல் அறிவிப்பதும், ஜிசிசி 14-ல் அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பதும் பிழையாகின. பழைய பகுதிக்கு அதன் காலத்துத் தரத்தை வெளிப்படையாக எழுதிவிட்டால், இவற்றில் மொழித் தரத்தால் வருபவை உங்களைத் தொடாது.

படி 2: ஃபிளாக்குகளை மூன்று கூடையாகப் பிரியுங்கள்

இதற்கு ஒரு மாலைப்பொழுது முழுக்கச் செலவிட்டாலும் தகும்.

முதல் கூடை: கோப்போடு நிற்பவை. எச்சரிக்கைகள் எல்லாம் இதில். ஓ0 முதல் ஓ3 வரையிலான வேக நிலைகள், டீபக் தகவல், ஸ்ட்ரிக்ட் அலியாசிங்கை (வேறு வேறு வகைப் பாயிண்டர்கள் ஒரே இடத்தைக் காட்டாது என்று கம்பைலர் வைத்துக்கொள்வதை) அணைப்பது ஆகியவையும் இதில்தான். லினக்ஸ் கெர்னல் முழுவதும் ஸ்ட்ரிக்ட் அலியாசிங் இல்லாமல்தான் கட்டப்படுகிறது. பழைய சி நிரலில் பாயிண்டரை வேறு வகைக்கு மாற்றிப் படிக்கும் பழக்கம் இருந்தால் நீங்களும் அந்தப் பகுதிக்கு மட்டும் அதை அணைத்துவிடலாம். மொழித் தரமும் பெரும்பாலும் இந்தக் கூடைதான். ஆனால் தரத்தைப் பொறுத்து உறுப்பு கூடிக் குறையும் கிளாஸ் ஏதாவது ஹெடரில் இருந்தால் அது அடுத்த கூடைக்குப் போய்விடும்.

இரண்டாம் கூடை: கோப்புகளுக்கு இடையிலான ஒப்பந்தத்தை மாற்றுபவை. "ஷார்ட் எனம்ஸ்" இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வழக்கமாக 4 பைட் எடுக்கும் சின்ன எனம், இந்த ஃபிளாக் இருந்தால் 1 பைட்டில் அடங்கும். ஒரு பக்கம் இது இருந்து மறுபக்கம் இல்லையென்றால், அந்த எனமைக் கொண்ட ஸ்ட்ரக்டில் அடுத்தடுத்த உறுப்புகள் எல்லாம் இடம் மாறிப்போகும். ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் எதுவும் சொல்லாது, ஏனென்றால் சி-யில் சிம்பல் பெயருக்குள் வகை பற்றிய தகவலே கிடையாது. "பேக் ஸ்ட்ரக்ட்", ஏஆர்எம் சிப்புகளுக்கான "ஃப்ளோட் ஏபிஐ", ஜிஃபோர்ட்ரானின் "டிஃபால்ட் ரியல் 8" எல்லாம் இதே வகை.

மேக்ரோக்களும் இங்கேதான் சேரும். ஜிசிசி 5-ல் ஸ்டிரிங், லிஸ்ட் இரண்டின் உள்ளமைப்பு மாறியபோது, பழையதா புதியதா என்று தேர்ந்தெடுக்க ஒரு மேக்ரோ கொடுத்தார்கள். "ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் டீபக்" மேக்ரோவைப் போட்டால் கன்டெய்னர்களின் அளவே மாறும். 32-பிட் கணினியில் "ஃபைல் ஆஃப்செட் பிட்ஸ்" 64 ஆனால் கோப்பில் இடத்தைக் குறிக்கும் வகை 4 பைட்டிலிருந்து 8 பைட் ஆகும். விண்டோஸில் எம்டி, எம்டிடி என்று ரன்டைம் லைப்ரரியைத் தேர்ந்தெடுக்கும் ஃபிளாக்குகளும் அப்படியே.

இதில் நான் ஒருமுறை நன்றாக அடிபட்டேன். ஒரு ஸ்ட்ரக்டில் டீபக் பில்டுக்கு மட்டும் ஒரு எண்ணி வைத்திருந்தோம், "என்டீபக்" மேக்ரோ இல்லாதபோது மட்டும் அது இருக்கும். பழைய லைப்ரரியை வேகத்துக்காக ரிலீஸாகவும் மற்றதை டீபகாகவும் கட்டினேன். கம்பைல் ஆனது, லிங்க் ஆனது, ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் நினைவகம் கெட்டுப்போயிருந்தது. மூன்று நாள் தவறான கோப்பில் தேடினேன். கடைசியில் இரண்டு பக்கமும் அந்த ஸ்ட்ரக்டின் அளவை அச்சிட்டுப் பார்த்த பிறகுதான் 8 பைட் வித்தியாசம் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து டீபகுக்கு மட்டும் இருக்கும் உறுப்பைப் பொது ஹெடரில் வைக்க நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

மூன்றாம் கூடை: கோப்போடு நிற்பதுபோலத் தெரிந்து, சத்தமில்லாமல் வெளியே கசிபவை. இவை இரண்டாம் கூடையைவிட ஆபத்தானவை, ஏனென்றால் அனுபவசாலிகளும் இவற்றைப் பாதுகாப்பானவை என்றே நினைக்கிறார்கள்.

ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் சிப் கட்டளைத் தொகுப்பான ஏவிஎக்ஸ்2-வை எடுத்துக்கொள்வோம். இன்டெல் இதை 2013-ல் ஹாஸ்வெல் சிப்பில் கொண்டுவந்தது. பழைய சிப்பிலும் ஓட வேண்டும், புதுச் சிப்பில் வேகமாகவும் ஓட வேண்டும் என்பதற்காக ஒரே ஒரு கோப்பை மட்டும் ஏவிஎக்ஸ்2 ஃபிளாகுடன் கம்பைல் செய்து, சிப் எது என்று பார்த்து அதை அழைக்கிறோம். திட்டம் சரிதான். ஆனால் அந்தக் கோப்பு வெக்டர் ஹெடரைச் சேர்த்திருக்கிறது. வெக்டரின் ஃபங்ஷன்கள் டெம்ப்ளேட்டுகள், அதனால் இன்லைன் ஆகாதவற்றின் நகல் ஒவ்வொரு ஆப்ஜெக்ட் கோப்பிலும் இருக்கும். லிங்கர் அவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தூக்கி எறியும். அது வைத்துக்கொண்ட நகல் ஏவிஎக்ஸ்2 கோப்பில் இருந்து வந்ததென்றால், புராஜெக்ட் முழுவதும் அந்த நகலைத்தான் அழைக்கும். பழைய சிப்பில் நிரல் தொடங்கியதுமே "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" என்று நின்றுவிடும். உங்கள் கணினியில் ஒருபோதும் நிற்காது. லிங்க் வரிசை மாறினால் சிலசமயம் பழைய கணினியிலும் நிற்காது.

தப்பிக்க வழி இருக்கிறது. அப்படிப்பட்ட கோப்பில் டெம்ப்ளேட் ஹெடர் எதையும் சேர்க்காதீர்கள். பாயிண்டரும் நீளமும் மட்டும் வாங்கும் சாதாரண ஃபங்ஷன்களை எழுதுங்கள், உள்ளே இருக்கும் உதவி ஃபங்ஷன்களை ஸ்டாட்டிக் ஆக்குங்கள். கட்டிய பிறகு ஆப்ஜெக்ட் கோப்பில், சிம்பல்களைப் பட்டியலிடும் "என்எம்" கருவியை ஓட்டிப் பார்த்தால், நீங்கள் எதிர்பார்த்த பெயர்களைத் தவிர வேறு எந்த வீக் சிம்பலும் (பல நகல்களில் ஒன்றை லிங்கர் தேர்ந்தெடுக்கும் வகைப் பெயர்) இருக்கக் கூடாது. ஐகன் என்ற கணித லைப்ரரியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் கூடுதல் கவனம் தேவை. ஏவிஎக்ஸ் இருந்தால் அது 32 பைட் எல்லையிலும், இல்லாவிட்டால் 16 பைட் எல்லையிலும் தரவை அமைக்கும். இரண்டையும் கலந்தால் ஒப்பந்தமே மாறிப்போகும்.

அடுத்தது "ஃபாஸ்ட் மேத்". கம்பைல் செய்யும்போது இது கோப்போடுதான் நிற்கிறது: எண் அல்லாத மதிப்பே வராது என்று கம்பைலர் வைத்துக்கொள்வதால், அந்தக் கோப்பில் "இஸ்நான்" சோதனைகள் பொருளற்றுப் போகும். சிக்கல் லிங்கில் இருக்கிறது. லினக்ஸில் ஜிசிசியை இந்த ஃபிளாகுடன் லிங்க் செய்யச் சொன்னால், நிரல் தொடங்கும்போதே மிகச்சிறிய பதின்ம எண்களைப் பூஜ்யமாக்கும்படி சிப்பை மாற்றிவைக்கும் ஒரு துண்டு நிரலை அது சேர்த்துவிடும். ஷேர்டு லைப்ரரிக்கும் இப்படியே சேர்த்துக்கொண்டிருந்தது. அதாவது யாரோ கட்டிய லைப்ரரியை ஏற்றினாலே உங்கள் கணக்கின் விடை மாறலாம். ஜிசிசி 13-ல்தான் ஷேர்டு லைப்ரரிக்கு இதை நிறுத்தினார்கள். ஆகவே இந்த ஃபிளாகைக் கம்பைல் பட்டியலில் மட்டும், தேவைப்படும் டார்கெட்டுக்கு (ஒன்றாகக் கட்டப்படும் கோப்புத் தொகுதிக்கு) மட்டும் கொடுங்கள். லிங்க் பட்டியல் பக்கமே போகவிடாதீர்கள்.

படி 3: நிரலின் வம்சப்படி டார்கெட் பிரியுங்கள்

ஒரே மாதிரி நடத்த வேண்டிய கோப்புகளெல்லாம் ஒரு டார்கெட். பழைய சி ஒன்று, புதிய சி++ ஒன்று, ஃபோர்ட்ரான் ஒன்று, வெளியிலிருந்து வந்தது ஒன்று. அடைவுகளும் அப்படியே பிரிந்திருந்தால் நல்லது.

சிமேக்கில் "இன்டர்ஃபேஸ்" வகை லைப்ரரியை ஃபிளாக் பையாகப் பயன்படுத்துவது எனக்கு மிகவும் பிடித்த முறை. அதில் கோப்பே இருக்காது, அமைப்புகள் மட்டும் இருக்கும். மூன்று பை போதும். பொதுப் பையில் இரண்டாம் கூடை முழுவதும், எல்லா டார்கெட்டும் இதை இணைத்தே ஆக வேண்டும். கண்டிப்புப் பையில் நம் நிரலுக்கான எச்சரிக்கைகள். தளர்வுப் பையில் பழைய, வெளி நிரலுக்கான விலக்குகள். ஒரு டார்கெட் எந்தப் பையை இணைத்திருக்கிறது என்று பார்த்தாலே அது எப்படி நடத்தப்படுகிறது என்பது தெரிந்துவிடும். "சிமேக் சிஎக்ஸ்எக்ஸ் ஃபிளாக்ஸ்" என்ற பொது மாறியில் கையால் சேர்ப்பதையும், அடைவு முழுவதற்கும் பரவும் "ஆட் கம்பைல் ஆப்ஷன்ஸ்" கட்டளையையும் இதன் பிறகு விட்டுவிடுங்கள்.

பிரைவேட், பப்ளிக் வேறுபாட்டில்தான் பலருக்கும் குழப்பம். நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்த டார்கெட்டின் ஹெடரைச் சேர்த்துக்கொள்பவருக்கும் இது தெரிய வேண்டுமா? எச்சரிக்கை அவருக்கு வேண்டாம், அதனால் பிரைவேட். ஹெடருக்குள் ஒரு ஸ்ட்ரக்டின் வடிவத்தையே மாற்றும் மேக்ரோ அவருக்கும் தெரிந்தே ஆக வேண்டும், அதனால் பப்ளிக். முன்னே சொன்ன என் மூன்று நாள் தேடலும், அந்த எண்ணிக்கு என்று தனி மேக்ரோ வைத்து அதைப் பப்ளிக்காகக் கொடுத்திருந்தால் நடந்திருக்காது.

ஒரே டார்கெட்டில் சி-யும் சி++-ம் கலந்திருந்தால் "கம்பைல் லாங்குவேஜ்" என்ற ஜெனரேட்டர் எக்ஸ்பிரஷனைக் கொண்டு மொழிவாரியாகப் பிரிக்கலாம். பிரிக்காமல் சி++17 ஃபிளாகைச் சி கோப்புக்கும் அனுப்பினால் ஜிசிசி எச்சரிக்கையோடு விட்டுவிடும், கிளாங் பிழை என்று நின்றுவிடும். வெளி ஹெடர்களின் எச்சரிக்கையை அடக்க அவற்றின் பாதையை "சிஸ்டம்" என்று குறித்தால் போதும்.

மேக்ஃபைல்காரர்களுக்கு மூன்று எச்சரிக்கை. முதலாவது, சிபிபிஃபிளாக்ஸ் என்பது சி++-க்கு உரியது இல்லை, பிரிபிராசசருக்கு உரியது. அதில் போட்டது சி கோப்புக்கும் போகும். சி++-க்கான மாறி சிஎக்ஸ்எக்ஸ்ஃபிளாக்ஸ். இரண்டாவது, குனு மேக்கில் ஒரு டார்கெட்டுக்கு மட்டும் என்று எழுதும் மாறி, அந்த டார்கெட் சார்ந்திருக்கும் எல்லாவற்றுக்கும் இறங்கும். இரண்டு புரோகிராம்கள் ஒரே ஆப்ஜெக்ட் கோப்பைப் பகிர்ந்தால், எது முதலில் கட்டப்படுகிறதோ அதன் ஃபிளாகில் அது உருவாகும். இணையாகக் கட்டும்போது ஒவ்வொரு முறையும் வேறு வேறு விளைவுகூட வரும். "பிரைவேட்" என்ற சொல்லை முன்னால் சேர்த்தால் இறங்குவது நிற்கும். மூன்றாவது, ஃபிளாகை மாற்றினால் மேக் தானாக மறுபடி கட்டாது. ஃபிளாக்குகளைத் தனிக் கோப்பில் வைத்து ஆப்ஜெக்டுகளை அதைச் சார்ந்ததாக ஆக்கிவிடுங்கள். நிஞ்சா கட்டளை மாறியதைத் தானே கவனித்துக்கொள்ளும்.

படி 4: ஒற்றைக் கோப்பு விலக்குகள்

ஒரு கோப்புக்கு மட்டும் வேறு ஃபிளாக் தேவைப்படும் தருணம் வரத்தான் செய்யும். சிமேக்கில் "செட் சோர்ஸ் ஃபைல்ஸ் பிராப்பர்ட்டீஸ்" இருக்கிறது. அது எழுதப்பட்ட அடைவிலேயே இருக்கும் டார்கெட்டுக்குத்தான் இயல்பாகச் செல்லும், வேறு அடைவில் எழுதினால் எந்தப் பிழையும் காட்டாமல் பலனற்றுப் போகும். விஷுவல் ஸ்டூடியோவில் கோப்பின் பிராப்பர்ட்டி பக்கத்திலேயே மாற்றலாம். டாட்நெட்டுக்கான சிஎல்ஆர் ஃபிளாகைச் சில கோப்புகளுக்கு மட்டும் கொடுத்தால் பிரிகம்பைல்டு ஹெடரை அவற்றுக்குத் தனியாக உருவாக்க வேண்டும், அல்லது அங்கே அணைக்க வேண்டும். எக்ஸ்கோடில் "கம்பைல் சோர்சஸ்" பட்டியலில் கோப்புக்கு எதிரே "எஃப்-நோ-ஆப்ஜ்சி-ஆர்க்" என்று எழுதினால் அது மட்டும் பழைய நினைவக முறையில் கம்பைல் ஆகும். 2011-ல் நினைவகத்தைத் தானே கவனித்துக்கொள்ளும் ஏஆர்சி முறை வந்தபோதே, இரண்டு வகைக் கோப்பும் ஒன்றாக ஓடும்படி திட்டமிட்டுத்தான் செய்தார்கள்.

ஓரிரு எச்சரிக்கை மட்டும் தொல்லை என்றால் கோப்புக்குள்ளேயே "டயக்னாஸ்டிக் புஷ்", "பாப்" பிராக்மாக்களைப் போட்டு அந்த நாலு வரிக்கு மட்டும் அணையுங்கள். ஆனால் வேக நிலையை மாற்றும் "ஆப்டிமைஸ்" பிராக்மாவை இப்படிப் பயன்படுத்தாதீர்கள். அதற்கு இணையான "ஆப்டிமைஸ்" ஆட்ரிபியூட் டீபக் செய்வதற்கு மட்டுமே, வெளியிடும் நிரலுக்கு ஏற்றதல்ல என்று ஜிசிசி கையேடே சொல்கிறது. அப்புறம், ஒவ்வொரு விலக்குக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதிவையுங்கள். காரணம் இல்லாத விலக்கை எடுக்கப் பின்னால் வருபவருக்குத் துணிவு வராது.

படி 5: எல்லையைக் குறுக்குங்கள்

வெவ்வேறு அமைப்பில் கட்டிய பகுதிகள் சந்திக்கும் இடம் எவ்வளவு சிறியதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. "எக்ஸ்டர்ன் சி" போட்ட ஒரே ஹெடர், அதில் அளவு உறுதியான முழு எண்கள், பாயிண்டர்கள், எளிய ஸ்ட்ரக்டுகள் மட்டும். ஸ்டிரிங், வெக்டர் எல்லாம் எல்லைக்கு உள்ளேயே இருக்கட்டும். எந்தப் பக்கம் நினைவகத்தை எடுத்ததோ அந்தப் பக்கமே திருப்பிக் கொடுக்கட்டும், ரன்டைம் லைப்ரரி இரண்டாக இருந்தால் ஹீப்பும் இரண்டாக இருக்கும்.

எக்ஸெப்ஷனை எல்லையிலேயே பிடித்துப் பிழை எண்ணாகத் திருப்புங்கள். சி++ கால்பேக் ஒன்று சி நிரலின் நடுவே ஓடி, அங்கிருந்து எக்ஸெப்ஷன் வீசியே ஆக வேண்டிய நிலை என்றால், அந்தச் சி கோப்பையும் "எக்ஸெப்ஷன்ஸ்" ஃபிளாகுடன் கம்பைல் செய்யுங்கள்.

ஃபோர்ட்ரானுக்கு 2003 தரத்தில் வந்த "ஐஎஸ்ஓ சி பைண்டிங்" இருக்கும்போது, பெயருக்குப் பின்னால் அடிக்கோடு சேர்க்கும் பழைய வழிக்குப் போக வேண்டியதில்லை. அந்தப் பழைய வழியில் எழுத்துச் சரங்களின் நீளம் கண்ணுக்குத் தெரியாத ஆர்க்யுமென்டாகப் போகும். அதன் வகையையும் ஜிசிசி 8-ல் மாற்றிவிட்டார்கள்.

எல்லை ஹெடரில் உள்ள ஒவ்வொரு ஸ்ட்ரக்டுக்கும் "ஸ்டாட்டிக் அசர்ட்" எழுதுங்கள்: மொத்த அளவு இவ்வளவு, முக்கியமான உறுப்பு இத்தனையாவது பைட்டில். சி11-லும் சி++11-லும் இது இருக்கிறது. ஹெடரிலேயே இருப்பதால் இரண்டு பக்கமும் தத்தம் ஃபிளாகுடன் அதைச் சோதிக்கும். ஒப்பந்தம் முறிந்தால் கம்பைல் நேரத்திலேயே தெரிந்துவிடும்.

படி 6: கட்டிய பிறகு சரிபாருங்கள்

"ரெக்கார்ட் ஜிசிசி ஸ்விட்சஸ்" ஃபிளாகைக் கொடுத்தால், எந்தக் கட்டளையில் கம்பைல் ஆனது என்பது ஆப்ஜெக்ட் கோப்புக்குள்ளேயே பதிவாகும். "ரீட்எல்ஃப்" கொண்டு படிக்கலாம். யாரோ கட்டிக்கொடுத்த லைப்ரரியைச் சந்தேகிக்கும்போது இது பெரிய உதவி.

லிங்க் நேர ஆப்டிமைசேஷனுடன் ஒருமுறை கட்டிப் பாருங்கள். அப்போது ஜிசிசிக்கு எல்லாக் கோப்புகளும் ஒன்றாகத் தெரியும், ஒரே கிளாஸுக்கு இரண்டு வடிவம் இருந்தால் "ஓடிஆர்" (ஒரு பெயருக்கு ஒரே வரையறை என்ற விதி) எச்சரிக்கை வரும். வெளியீட்டுக்கு அந்த முறை தேவையில்லை என்றாலும், சோதனைக்காக வாரம் ஒருமுறை இதை ஓட்டலாம்.

விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் எம்எஸ்விசி கம்பைலர் இதில் ஒரு படி முன்னே இருக்கிறது. ரன்டைம் லைப்ரரியோ இட்டரேட்டர் டீபக் நிலையோ பொருந்தாவிட்டால் லிங்கரே எல்என்கே2038 என்று நிறுத்திவிடும். "டிடெக்ட் மிஸ்மேட்ச்" பிராக்மாவால் நம் சொந்த மேக்ரோக்களுக்கும் இதே காவலை வைக்கலாம். ஜிசிசியில் இதைக் கையால் செய்யலாம். ஹெடரில், மேக்ரோ இருந்தால் ஒரு பெயரும் இல்லாவிட்டால் வேறு பெயரும் கொண்ட ஒரு வெளி மாறியை அறிவித்து, சேர்த்துக்கொள்ளும் ஒவ்வொரு கோப்பும் அதைக் குறிப்பிடும்படி செய்யுங்கள். லைப்ரரி தன் அமைப்புக்கு உரிய பெயரை மட்டும் வரையறுக்கும். அமைப்பு பொருந்தாவிட்டால் அந்தப் பெயர் கிடைக்காமல் லிங்க் நின்றுவிடும். எனக்கு அந்த மூன்று நாளை மிச்சப்படுத்தியிருக்கக்கூடிய வேலை இது, எழுதப் பத்து வரிகூட ஆகாது.

படி 7: ஏற்கெனவே சிக்கலாகிக் கிடக்கும் புராஜெக்டில்

எல்லாவற்றையும் ஒரே கமிட்டில் மாற்றாதீர்கள். முதலில் படி 1-ல் எடுத்த ஜேசான் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். பைகளை உருவாக்கி, இப்போதுள்ள ஃபிளாக்குகளை அப்படியே அவற்றுக்குள் நகர்த்துங்கள். புது ஜேசானைப் பழையதோடு ஒப்பிட்டால், ஒன்றோடொன்று மோதாத ஃபிளாக்குகளின் வரிசை தவிர வேறு மாற்றம் இருக்கக் கூடாது. அது உறுதியான பிறகு மொழித் தரங்களை வெளிப்படையாக எழுதுங்கள். அதன் பின் இரண்டாம் கூடையில் வேறுபாடு இருக்கும் டார்கெட்டுகளை ஒன்றுபோல ஆக்குங்கள். எச்சரிக்கைகளைக் கூட்டுவது கடைசியில்தான், அதையும் டார்கெட் டார்கெட்டாகச் செய்யுங்கள்.

எச்சரிக்கையைப் பிழையாக்கும் "டபிள்யூ-எரர்" ஃபிளாகைத் தானியங்கிச் சோதனை ஓடும் கணினியில் மட்டும், அதுவும் கண்டிப்புப் பையில் மட்டும் வையுங்கள். புதுக் கம்பைலர் பதிப்பு ஒவ்வொன்றும் புது எச்சரிக்கைகளோடு வரும். மூல நிரலை இறக்கிக் கட்டிப் பார்க்கும் ஒருவருக்கு, அவருடைய கம்பைலர் உங்களுடையதைவிடப் புதியது என்ற ஒரே காரணத்தால் பில்ட் நிற்கக் கூடாது.